நிகர எடை

ஜூன் 3, திங்கள்

பெரிய டாக்டர் இன்றைக்கு எங்களுக்கு ஏழு நிமிடம் ஒதுக்கினார். அதற்காக நாங்கள் காத்திருந்தது மூன்றரை மணி நேரம். உலகம்மைக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்பது பழைய செய்தி. இப்போதைக்கு மாற்ற முடியாது என்பது புதுச் செய்தி. உடம்பில் ஒன்றுமே இல்லையாம். முப்பத்தெட்டு கிலோ நானூறு கிராம்.

"நாப்பத்திரெண்டு வரட்டும், கத்தி வைக்கேன். இப்ப வச்சா தாங்க மாட்டாங்க" என்றார். ஜூலை 15 வரை தவணை. அதற்கு மேல் தள்ளினால் வால்வு பொறுக்காது என்பதையும் அவரே சொன்னார், கையில் காபி டம்ளரோடு.

எடை எனக்குப் புதிதா என்ன. முப்பத்தொரு வருஷம் முத்திரை ஆய்வாளராக இருந்து இந்த ஜில்லாவில் உள்ள தராசையெல்லாம் சோதித்தவன். பிரம்மநாயகம் வாரான் என்றால் மார்க்கெட்டில் பாதிக் கடை ஷட்டரை இறக்கிவிடும். கட்டின பெண்டாட்டிக்கு மூன்று கிலோ அறுநூறு கிராம் ஏற்ற முடியாதா எனக்கு.

பிறகு எங்களை டயட்டீஷியனிடம் அனுப்பினார்கள். பெனிட்டா என்று ஒரு பெண். வாயைத் திறந்தால் புரோட்டீன், கலோரி, சப்ளிமென்ட், போர்ஷன். நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். "ஏம்மா, நீ பாளையங்கோட்டைல பொறந்த பிள்ளைதான? தமிழ்ல சொன்னா நாக்கு சுட்டுருமா?" என்று கேட்டேன். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "சரிங்க சார், இனிமே தமிழ்லயே சொல்லுதேன்" என்றாள். உலகம்மை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நல்லதைச் சொன்னால் இந்த வீட்டில் சட்டை கிழியும்.

ஜூன் 4, செவ்வாய்

அந்தப் பெண் கொடுத்த பட்டியலை வைத்து ஆய்வு செய்தேன். "ஒரு கிண்ணம் பருப்பு." எந்தக் கிண்ணம்? எங்கள் வீட்டில் ஏழு கிண்ணம் இருக்கிறது, ஏழும் ஏழு அளவு. "கைப்பிடி சுண்டல்." யார் கை? "தட்டில் பாதி காய்கறி." தட்டு எவ்வளவு அகலம் என்று எழுத வேண்டாமா? அளவு தெரியாதவர்களெல்லாம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து ஊருக்குச் சாப்பாடு அளந்து கொடுக்கிறார்கள்.

நானே புதிதாக எழுதினேன். காலை: இட்லி மூன்று, பாசிப்பருப்பு சாம்பார் 150 கிராம், பால் 200 மில்லி. பத்து மணிக்குச் சுண்டல் 60 கிராம். மத்தியானம்: சோறு, பருப்பு, ஒரு காய், ஒரு கீரை, தயிர். சாயங்காலம் வறுத்த கடலை. ராத்திரி: தோசை இரண்டு, பயறு துவையல். நாங்கள் சைவம், அதனால் முட்டைப் பேச்சு கிடையாது. இதற்கு ஒரு படிப்பு, ஒரு டிகிரி, ஒரு வெள்ளைக் கோட்டு.

சமைப்பது நான்தான். அவள் அடுப்பு முன்னால் நின்றால் ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது. நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்கிறாள், நான் செய்கிறேன். கல்யாணமான நாற்பத்திரண்டு வருஷத்தில் எனக்கு வைக்கத் தெரிந்தது வெந்நீர் மட்டும்.

ஜூன் 7, வெள்ளி

வெள்ளிக்கிழமை விரதம் என்று இட்லியைத் தள்ளி வைத்தாள். எனக்கு வந்ததே கோபம். "ஒன்ன யாரு பட்டினி கெடக்கச் சொன்னா? அம்மனா? அவளுக்கு மூணு வேளையும் படையல் நடக்குல்லா?" என்றேன். தட்டைத் திரும்ப இழுத்து இரண்டு இட்லி சாப்பிட்டாள். இனிமேல் விரதமே இல்லை என்று உத்தரவு போட்டாயிற்று.

ஜூன் 9, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து மகள் காந்தி ஒரு டப்பா அனுப்பியிருக்கிறாள். புரோட்டீன் பவுடர். பெயிண்ட் டப்பா அளவு இருக்கிறது. மேலே ஒருத்தன் சட்டை இல்லாமல் கையை மடக்கிக்கொண்டு நிற்கிறான். உலகம்மை அதைப் பார்த்துவிட்டு, "இத குடிச்சா நானும் இப்படி ஆயிருவனா?" என்று கேட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

பழக்கதோஷம், லேபிளை முழுக்கப் படித்தேன். ஒரு ஸ்கூப் முப்பது கிராமாம். உள்ளே கிடந்த கரண்டியால் மூன்று தடவை அள்ளி என் தராசில் நிறுத்தேன். தலை தட்டினால் இருபத்தாறு. குவித்தால் நாற்பத்தொன்று. சாதாரணமாக அள்ளினால் முப்பத்தைந்து. இதே வேலையை ஒரு மளிகைக்கடைக்காரன் செய்திருந்தால் கோர்ட்டுக்கு இழுத்திருப்பேன்.

விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பது என்று வண்ணார்பேட்டையில் இந்தச் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். விற்கிற தம்பிக்குக் கழுத்து என்று ஒன்று இல்லை, தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கிறது. "யாருக்கு சார், பையனுக்கா? ஜிம் போறாரா?" என்றான். "என் சம்சாரத்துக்கு. வாசல் நடையிலிருந்து அடுப்படி வரைக்கும் போறா" என்றேன். அப்படியும் சாக்லேட் வாசனை வேண்டுமா வெனிலா வேண்டுமா என்று கேட்டான். திரும்பி வந்துவிட்டேன். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு பெனிட்டாவிடம் உலகம்மையே பேசினாள். சர்க்கரை சேர்க்காதது, வாசனை இல்லாதது, காலையில் பாலில் முப்பது கிராம், போதுமாம். காந்தி அனுப்பியது அதுவேதான். மகளுக்கு இந்த ஒரு விஷயத்தில் புத்தி இருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

39.0. பன்னிரண்டு நாளில் அறுநூறு கிராம். மெதுவாகத்தான் ஏறுகிறது, ஆனால் நேர்மையான எடை. மிளகாய் வத்தல் மூட்டையில் தண்ணீர் தெளித்து எடை கூட்டினவர்கள் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்.

குக்கர் இப்போதெல்லாம் விசிலே அடிப்பதில்லை. நேற்றும் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. வாஷர் போயிருக்கும். உலகம்மை நாற்காலியில் இருந்தபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலைக் காட்டுகிறாள். எதற்குக் காட்டுகிறாள் என்று தெரியவில்லை, அவள் திருப்திக்குக் காட்டட்டும். காந்தி போனில், "அப்பா, அந்தக் காது மெஷினை மாட்டுங்களேன்" என்று கத்துகிறாள். மெஷின் மேசை டிராயரில் இருக்கிறது, போன வருஷம் வாங்கினதிலிருந்து அங்கேதான் இருக்கிறது. ஜனங்கள் வாயைத் திறந்து பேசினால் காதுக்கு எதற்கு மெஷின்.

ஜூன் 18, செவ்வாய்

காலை ஐந்தரைக்கு எழுந்து இட்லி ஊற்றி, சாம்பார் வைத்து, பால் காய்ச்சி, டப்பா மாவை நிறுத்துக் கலக்கி, பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் எட்டே முக்கால். இடுப்பு ஒடிகிறது. மனுஷன் செய்கிற வேலையா இது.

பதினொரு மணிக்கு பெனிட்டா போன் செய்தாள். உலகம்மை குளித்துக்கொண்டிருந்தாள், நான்தான் எடுத்தேன். சொன்னபடி சுத்தத் தமிழில் பேசினாள், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வாய்க்குள்ளேயே பேசுகிறாள். வெள்ளிக்கிழமையும் இப்போது காலையில் சாப்பிட வைத்துவிடுகிறேன் என்று சொன்னேன். "வெள்ளிக்கிழமை மட்டும் இல்ல சார், தினமும் விரதம் இருக்கணும். முக்கியமா காலைல விரதம் விட்டுறவே கூடாது" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தினமுமா?" என்றேன். "ஆமா சார், தினமும். அதுலதான் உடம்பு தேறும்" என்றாள்.

மாப்பிள்ளை ஒரு வருஷமாக இதைத்தான் செய்கிறார். பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டுவிட்டு மத்தியானம் சாப்பிடுகிறார், கேட்டால் விஞ்ஞானம் என்கிறார். இப்போது ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. அன்றைக்கு அம்மனுக்காக இருந்தால் மூடநம்பிக்கை, இன்றைக்கு டயட்டீஷியன் சொன்னால் சிகிச்சை. நல்ல கூத்து.

ஜூன் 19, புதன்

உலகம்மையிடம் சொன்னேன். பகல் பன்னிரண்டு வரை ஒன்றும் கிடையாது, தண்ணீர் மட்டும். "நெசமாவா சொன்னா அந்தப் பிள்ள?" என்று இரண்டு தடவை கேட்டாள். "நான் என்ன பொய்யா சொல்லுதேன்?" என்றேன். "நீங்க சொன்னா சரி" என்றாள்.

ஒரு சிக்கல். வெள்ளை மாத்திரைச் சீட்டில் "காலைச் சாப்பாட்டுக்குப் பின்" என்று போட்டிருக்கிறது. காலைச் சாப்பாடே இல்லை என்றால் அதற்குப் பின் என்பது எங்கே வரும்? நிறுத்திவிட்டேன். அதைப் போட்டால் இருபது நிமிடத்துக்கு ஒருதரம் பாத்ரூமுக்கு ஓடிக்கொண்டிருந்தாள், இனி அந்த அலைச்சலும் இல்லை. மாவு டப்பாவையும் மூடி மேலே வைத்துவிட்டேன், விரதத்தில் எங்கே பால்.

இன்று ஏழு மணி வரை தூங்கினேன்.

ஜூன் 22, சனி

பத்து மணிக்கு அடுப்படி நிலைப்படியில் வந்து நின்று மணி கேட்கிறாள். "பத்துதான் ஆகு" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் தலைக்கு நேர் மேலே கடிகாரம் தொங்குகிறது.

ஜூன் 26, புதன்

40.3. விரதம் ஆரம்பித்த ஒரு வாரத்தில் ஒன்றேகால் கிலோ. நம்பாமல் ஐந்து கிலோ படிக்கல்லை வைத்து எடை மெஷினைச் சோதித்தேன். துல்லியம். பட்டினி கிடந்தால் எடை ஏறும் என்று என் சர்வீஸில் யாராவது சொல்லியிருந்தால் ஆளைப் பிடித்து உள்ளே போட்டிருப்பேன். ஏறுகிறதே, என்ன செய்ய. அந்தப் பெண்ணிடம் ஏதோ விஷயம் இருக்கிறது.

இன்றைக்கும் பத்து மணிக்கு வந்து மணி கேட்டாள். சொன்னேன்.

ஜூன் 30, ஞாயிறு

மெட்டி இறுக்குகிறது என்றாள். சோப்புப் போட்டுக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. தேங்காய் எண்ணெய் போட்டு அரை மணி நேரம் மல்லுக்கட்டிக் கழற்றினேன். விரலில் சதை பிடித்திருக்கிறது. சாட்சி வேண்டும் என்றால் இதைவிட என்ன வேண்டும். காந்தியிடம் சொன்னேன். அவள் என்னமோ கேட்டாள், லைன் சரியில்லை, வைத்துவிட்டேன்.

ஜூலை 4, வியாழன்

41.2. படுத்தால் முடியவில்லை என்று தலையணை மூன்று கேட்கிறாள், சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறாள். வெக்கை. ஆடிச்சாரல் ஆரம்பித்தால் சரியாகிவிடும்.

மணி கேட்கிற வழக்கத்தை விடவில்லை. வயதானால் ஒரு கேள்வியையே பிடித்துக்கொள்வார்கள் போலிருக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

42.1.

எழுதி வைத்துக்கொள்கிறேன்: தவணைக்கு ஆறு நாள் முன்பே. பெரிய டாக்டர் முகத்தைப் பார்க்க வேண்டும். உலகம்மையிடம் சொன்னேன், "பாத்தியா, ஜெயிச்சாச்சு" என்று. லேசாகச் சிரித்தாள். இப்போது அதிகம் பேசுவதில்லை, இரண்டு வார்த்தை பேசினால் நிறுத்திக்கொள்கிறாள். ஆபரேஷன் பயம்.

ஜூலை 15, திங்கள்

ஆஸ்பத்திரித் தராசில் 42.8. பெரிய டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து குனிந்து அவள் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அந்தக் குழி நிரம்பவே இல்லை.

"இது சதை இல்லை. தண்ணி" என்றார். எனக்குக் கேட்கும்படி இரண்டாவது தடவையும் சொன்னார். இதயம் தள்ள முடியாமல் தேங்கின தண்ணீர். அதை வெளியேற்றத்தான் வெள்ளை மாத்திரை. அதை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். சீட்டில் போட்டிருந்ததைச் சொன்னேன். திரும்பி நர்ஸைக் கூப்பிட்டார். நர்ஸ் சக்கர நாற்காலி கொண்டுவந்து உலகம்மையைத் தள்ளிக்கொண்டு போனாள். ஆபரேஷன் இல்லை. அட்மிஷன்.

வத்தல் மூட்டையில் தண்ணீர் தெளிப்பவனை ஒரு கைப்பிடி வத்தலை அள்ளிப் பார்த்தே பிடிப்பேன் நான்.

ஜூலை 16, செவ்வாய்

யார் மேல் தப்பு என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு பெனிட்டாவின் அறைக்குப் போனேன். புகார் எழுதி நிர்வாகத்துக்குக் கொடுப்பதாகத் திட்டம். "நீதான வெரதம் இருக்கச் சொன்ன? இருவத்தாறு நாளா காலைல ஒண்ணும் திங்காம கெடந்தா. இப்ப பாரு, மூக்குல குழாய் மாட்டியிருக்கு" என்றேன். நான் கத்தியிருக்க வேண்டும், வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் அவசரமாகத் தலையை ஆட்டினாள். ஏதோ சொன்னாள், எனக்குப் பிடிபடவில்லை. மறுபடி சொன்னாள். கடைசியில் என் கையிலிருந்த பேப்பரை, புகார் எழுத வைத்திருந்த பேப்பரையே வாங்கி, பெரிய எழுத்தில் ஒரு வார்த்தை எழுதி என் பக்கம் திருப்பினாள்.

புரதம்.

"புரோட்டீன்னுதான் சார் எப்பவும் சொல்லுவேன். நீங்க தமிழ்ல சொல்லச் சொன்னீங்கள்லா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

தினமும் புரதம் இருக்கணும். காலைல புரதம் விட்டுறவே கூடாது. அதுலதான் உடம்பு தேறும்.

பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஜூலை 17, புதன்

டிராயரைத் திறந்தேன்.

ஜூலை 19, வெள்ளி

காது மெஷின் ஒரு சனியன். மின்விசிறி இரைகிறது, என் செருப்பு இரைகிறது, பக்கத்துக் கட்டில்காரர் பிஸ்கட் உறையைப் பிரித்தால் மண்டைக்குள் பிரிக்கிறார். உலகத்தில் இவ்வளவு சத்தம் எதற்கு.

உலகம்மையின் மூச்சும் கேட்கிறது. உள்ளே இழுக்கும்போது கொரகொர என்று ஒரு சத்தம். நர்ஸிடம் கேட்டேன், இது எப்போது ஆரம்பித்தது என்று. "வரும்போதே இருந்துச்சே அய்யா, வாசல்லயே கேட்டுச்சே" என்றாள்.

தண்ணீரை எல்லாம் எடுத்தபிறகு இன்று எடை பார்த்தார்கள். 36.9. இதுதான் நிகர எடை. ஆரம்பித்ததைவிட ஒன்றரை கிலோ குறைவு. அந்த ஒன்றரை கிலோவைத் தின்றவன் நான்.

எழுத வேண்டியது இன்னொன்று இருக்கிறது. இந்த நோட்டில் ஊரில் உள்ள எல்லாரையும் எழுதியாயிற்று. ஜூன் 18 அன்று போனில் பேசும்போது எனக்குச் சந்தேகம் வந்தது உண்மை. தினமுமா என்று கேட்டேனே தவிர, "என்னம்மா சொன்ன, இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்கவில்லை. கேட்டால் காது கேட்கவில்லை என்று ஆகிவிடும். அது ஒன்று. காலையில் ஐந்தரைக்கு எழுந்து இட்லி ஊற்ற வேண்டாம் என்பது இன்னொன்று. விரதம் என்று காதில் விழுந்ததும் என் இடுப்புக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

ஜூலை 22, திங்கள்

பெனிட்டாவைப் போய்ப் பார்த்தேன். மன்னிச்சிரும்மா என்றேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள். "புரோட்டீன்னே சொல்லு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். சிரித்தாள். பழைய பட்டியலையே திரும்ப எழுதிக் கொடுத்தாள். கைப்பிடி சுண்டல் என்றுதான் இருந்தது. இந்தத் தடவை யார் கை என்று கேட்டேன். "அம்மா கைதான் சார். அவங்க உடம்புக்கு அவங்க கைதான் அளவு" என்றாள். இதை முதல் நாளே கேட்டிருக்கலாம்.

பெரிய டாக்டர் புதுத் தேதி கொடுத்திருக்கிறார். ஆகஸ்ட் 26. "கிலோவை எங்கிட்ட சொல்லாதீங்க. ரத்தத்துல புரோட்டீன் ஏறட்டும், அதுதான் எனக்குக் கணக்கு. இதுவும் தவறுனா என் கையில இல்ல" என்றார். எல்லாம் காதில் விழுந்தது. இதற்கு விழாமலே இருந்திருக்கலாம்.

ஜூலை 29, திங்கள்

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள். ஐந்தரைக்கு எழுந்தேன். இட்லி, பாசிப்பருப்பு சாம்பார், பாலில் முப்பது கிராம் மாவு, தராசில் நிறுத்துத்தான். வெள்ளை மாத்திரை. குக்கர் விசில் அடித்தது. வாஷருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பத்து மணிக்குச் சுண்டல் எடுத்து வைக்க வேண்டும், நான் பேப்பரில் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். உலகம்மை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அடுப்படி நிலைப்படியில் நின்றாள். அதே இடம். அவள் வாய் அசைந்ததும் என் வாயில் பழைய பதில் தானாக வந்துவிட்டது. "பத்துதான்" என்று ஆரம்பித்துவிட்டேன். அதற்குள் மெஷினில் விழுந்தது.

அவள் மணி கேட்கவில்லை. "பசிக்கு" என்றாள்.

"என்ன சொன்ன?" என்று கேட்டேன். இப்போதெல்லாம் கேட்டுவிடுகிறேன்.

"பசிக்குன்னேன். அப்பவும் தெனமும் வந்து சொல்லுவேன்லா. நீங்க பத்துதான் ஆகும்பீக. சரி, பன்னெண்டு வரைக்கும் பொறுக்கணும்லான்னு நானும் போயிருவேன்." கோபமே இல்லாமல் சொன்னாள். ஏதோ பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

ஜூன் 19 முதல் ஜூலை 14 வரை. இருபத்தாறு காலை.

சுண்டல் பாத்திரத்தை அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவளே தன் கையால் ஒரு பிடி அள்ளிக்கொண்டாள். சின்னக் கை, நாலைந்து கடலை விரலிடுக்கில் வழிந்து விழுந்தது. இன்னொரு பிடி எடு என்றேன், எடுத்தாள். அவள் மெல்லுகிற சத்தம் மெஷினில் கேட்டது. தின்று முடிக்கிற வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.